மேல்பூச்சுக்கு அடியில்: குன்ஜி கொய்சுமியின் லண்டன் வாழ்க்கை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1906ஆம் ஆண்டு மே மாதத்தில், வட வேல்ஸில் உள்ள மோஸ்டின் என்ற சிறு துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து இருபது வயது ஜப்பானிய இளைஞர் ஒருவர் கரை இறங்கினார். அவர் பெயர் குன்ஜி கொய்சுமி. இங்கிலாந்தில் தங்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணமே அன்று; அமெரிக்கா சென்று மின்சாரத் தொழிலைக் கற்பதே அவர் நோக்கம். அந்த இளைஞரைத்தான் பின்னாளில் பிரிட்டிஷ் ஜூடோவின் தந்தை என்று போற்றினார்கள். அவரைத்தான் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், ஜப்பானிய அரக்கு வேலைப்பாடுகள் பற்றிய தன் ஆலோசகராக ஏற்றது. அவரைப் பற்றி எழுதுவோர் முதல் செய்தியைப் பக்கம் பக்கமாக விரித்துவிட்டு, இரண்டாவதை ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். அந்த ஒரு வரியின் வழியாகத்தான் அவரை முழுமையாக அறிய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்று பேச வந்ததும் அதைப் பற்றியே.

கொய்சுமி 1885 ஜூலை 8 அன்று, டோக்கியோவுக்கு வடக்கே ஏறத்தாழ 100 மைல் தொலைவிலுள்ள ஒரு கிராமத்தில், குத்தகை விவசாயி ஒருவரின் இளைய மகனாகப் பிறந்தார். நிலம் மூத்தவனுக்குப் போகும். இளையவன் தன் வழியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதில் பள்ளியில் வாள்பயிற்சி தொடங்கியவர், பதினைந்து வயதில் வீட்டை விட்டு டோக்கியோ சென்று தந்தித் தொழில் கற்றார். 1901இல் டென்ஜின் ஷின்யோ மரபைச் சேர்ந்த ஆசிரியரிடம் ஜுஜுட்சு என்னும் பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பயிலத் தொடங்கினார். பிறகு கொரியாவில் வேலை. அதை விட்டு ஷாங்காய், ஹாங்காங், சிங்கப்பூர், இந்தியா என்று மேற்கு நோக்கிய நெடும்பயணம். சிங்கப்பூரிலும் அவர் பயிற்சியை விடவில்லை. லிவர்ப்பூலிலும் லண்டனிலும் சில மாதங்கள் ஜுஜுட்சு கற்பித்துவிட்டு, 1907இல் அமெரிக்காவை அடைந்து, நினைத்தபடியே மின்சாரத் துறையில் வேலையும் பெற்றார். ஆனால் அந்த வாழ்க்கை அவருக்குப் பிடிக்கவில்லை. 1910இல் லண்டன் திரும்பி, மின்விளக்குத் தொழில் நடத்த முயன்றார். கையில் இருந்த முதல் போதவில்லை. 1912இல் ஈபரி தெருவில் அரக்குப் பொருட்களுக்கான ஒரு பட்டறையைத் திறந்தார். அவருக்குச் சோறு போட்ட தொழில் இதுதான்.

இங்கே நான் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் அரக்கு என்றதும் நம் மனத்தில் எழுவது வேறு பொருள். பாண்டவர்களுக்காகத் துரியோதனன் கட்டுவித்த அரக்கு மாளிகையும், தபால் பைகளில் முத்திரை வைத்த சிவப்பு அரக்கும், மரக்கிளைகளில் வாழும் ஒரு பூச்சி சுரக்கும் பிசினால் ஆனவை. ஜப்பானியரின் உருஷி அப்படிப்பட்டதன்று. அது ஒரு மரத்தின் பால். அந்த மரம் மாமரத்துக்கும் முந்திரிக்கும் உறவு. நம் சேராங்கொட்டைக்கும் உறவு. சேராங்கொட்டையின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். பச்சை உருஷியும் அவ்வாறே தோலைப் புண்ணாக்கும். அந்த வேலையைக் கற்க வருபவன் முதலில் தன் உடம்பில்தான் அதை அறிகிறான். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த ஒரு மரத்தைக் கீறி ஒரு பருவம் முழுவதும் பால் எடுத்தால் கிடைப்பது சுமார் 200 கிராம். அதோடு அந்த மரத்தை வெட்டிவிடுகிறார்கள்.

வியப்புக்குரிய செய்தி இன்னொன்று உண்டு. உருஷி வெயிலில் காயாது. காற்றில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் ஈரப்பதம் உள்ள, இளஞ்சூடான ஓர் அலமாரிக்குள் வைத்தால்தான், அதிலுள்ள ஒரு நொதி ஆக்சிஜனை ஏற்று அதை இறுகச் செய்கிறது. ஆகவே ஒரு கிண்ணத்துக்கோ பெட்டிக்கோ அரக்கிடுபவர், மரத்தின்மேல் துணியை ஒட்டி, களிமண் பொடி கலந்த அடிப்பூச்சைப் பூசி, ஈர அலமாரியில் இறுக விட்டு, எடுத்துக் கல்லால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி அலமாரியில் வைத்து, கரியால் தேய்த்து, இப்படியே மாதக்கணக்கில் வேலை செய்கிறார். கடைசியில் மான்கொம்புப் பொடியை விரல்நுனியில் தொட்டு மெருகேற்றும்போதுதான் அந்தக் கருமை ஒளிரத் தொடங்குகிறது. பொன்தூளைத் தூவி வரையும் மாகி-எ என்னும் ஓவியமெல்லாம் அதன் மேலே வருவது. அடிப்பூச்சில் ஒரு நாள் அவசரப்பட்டிருந்தால், பல ஆண்டுகள் கழித்தேனும் அது மேலே விரிசலாகத் தெரிந்துவிடும்.

ஐரோப்பியர் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இந்தப் பொருட்களுக்காக மயங்கிக் கிடந்தார்கள். உருஷிப் பால் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இந்தியாவிலிருந்து போன பூச்சி அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசி, அதே தோற்றத்தை வரவழைக்க முயன்றார்கள். ஆங்கிலேயர் அந்த வேலைக்கு ஜப்பான் என்ற நாட்டின் பெயரையே வினைச்சொல்லாக வைத்தார்கள். பிரெஞ்சுத் தச்சர்கள் உண்மையான ஜப்பானியப் பெட்டிகளை அறுத்து, அவற்றின் பலகைகளைத் தங்கள் மேசை அலமாரிகளில் பதித்தார்கள். ஈரக் காற்றில் பிறந்த பொருள், கணப்பு எரியும் உலர்ந்த அறைகளில் வைக்கப்பட்டபோது உள்ளிருந்த மரம் சுருங்கியது, பூச்சு வெடித்தது. வெடித்த இடத்தில் கைக்குக் கிடைத்த வார்னிஷைப் பூசினார்கள், அதுவும் நாளடைவில் மஞ்சளித்தது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1882இல் வாங்கிய மசாரின் பெட்டி, 1640ஐ ஒட்டிச் செய்யப்பட்ட ஈடிணையற்ற படைப்பு. அதற்கும் இந்தக் கதி நேர்ந்திருந்தது.

கொய்சுமியை அறிஞர் ஆக்கியது பல்கலைக்கழகம் அன்று. அரக்குப் பொருளைக் கையில் எடுத்து வேலை செய்பவன், அதன் பளபளப்புக்கு அடியில் இருப்பதைப் பார்க்கிறான். உடைந்த விளிம்பில் எத்தனை பூச்சுகள், துணி இருக்கிறதா இல்லையா, இது உருஷியா போலியா, முன்பு யார் எங்கே கைவைத்தார்கள் என்பதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரிகின்றன. 1922இல் அருங்காட்சியகம் அவரை ஆலோசகராக ஏற்றது. அடுத்த ஆண்டு அந்தக் கலையின் செய்முறையையும் வரலாற்றையும் விளக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒரு கிராமத்துக் குத்தகைக்காரரின் மகன், தாய்மொழி அல்லாத மொழியில், தன் நாட்டுக் கைவினையை அந்நியர்க்கு எடுத்துச் சொன்னார். அவரைக் கலை வரலாற்றாளர் என்று அழைக்கத் தயங்குவோர் இருக்கலாம். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

இனி ஜூடோவுக்கு வருவோம். 1918 ஜனவரி 26 அன்று, முதல் உலகப் போர் இன்னும் முடியாத நாளில், லண்டன் விக்டோரியா பகுதியில் லோயர் குரோவ்னர் பிளேஸில் புடோக்வாய் என்ற சங்கத்தைத் தம் கைப்பணத்தில் கொய்சுமி தொடங்கினார். அதற்கு முன் லண்டனில் ஜுஜுட்சு இல்லாமல் இல்லை. 1900இல் அங்கு வந்த யுகியோ தானி இசையரங்கு மேடைகளில், தம்மைவிட மிகப் பெரிய உடல்கொண்ட மல்லர்களையும் அறைகூவி வீழ்த்திப் புகழ் பெற்றிருந்தார். ஆனால் அது டிக்கெட் வாங்கிப் பார்த்த வேடிக்கை. கொய்சுமி அந்தத் தானியையே அழைத்துத் தம் சங்கத்தில் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தினார். பயிற்சியோடு ஜப்பானியப் பண்பாடு பற்றிய உரைகளுக்கும் அங்கே இடமளித்தார். பெண்களையும் தொடக்கக் காலத்திலேயே சேர்த்துக்கொண்டார். அங்கே பயின்ற சாரா மேயர் 1935இல் ஜப்பானில் கறுப்புப் பட்டை பெற்றார். மேற்கத்தியப் பெண்களில் அதைப் பெற்ற முதல்வர் அவரே. பிழைப்புக்குப் பட்டறை இருந்ததனால்தான் கலையை மேடை வேடிக்கையாக விற்க வேண்டிய தேவை கொய்சுமிக்கு நேரவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் நெகிழச் செய்வது 1920 ஜூலை மாதத்து நிகழ்ச்சி. ஜூடோவை உருவாக்கி 1882இல் டோக்கியோவில் கோடோகான் என்ற பயிலகத்தை நிறுவிய ஜிகோரோ கானோ, ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் வழியில் லண்டன் வந்து புடோக்வாயைப் பார்வையிட்டார். கானோவுக்கு 59 வயது, கொய்சுமிக்கு 35. இரண்டாண்டாகச் சொந்தப் பயிலகம் நடத்துபவர், லண்டனில் பலரும் ஆசான் என்று வணங்கும் நிலையில் இருந்தவர், தம் பழைய ஜுஜுட்சுவை விட்டு ஜூடோவை ஏற்றுக்கொண்டார். தானியும் உடன் சேர்ந்தார். கானோ இருவருக்கும் அளித்தது இரண்டாம் ‘டான்’ என்ற கறுப்புப் பட்டைத் தகுதி. தரவரிசையில் அது கீழ்ப்படிகளில் ஒன்று. கானோவுடன் வந்த ஹிகோயிச்சி ஐடா லண்டனில் தங்கிச் சில காலம் கற்பித்தார். கானோவும் இளமையில் அதே டென்ஜின் ஷின்யோ மரபைப் பயின்றவர் என்பதால், கானோ காட்டிய பல பிடிகளும் எறிகளும் கொய்சுமிக்குப் புதியவையாக இருந்திருக்க மாட்டா. புதிதாக இருந்தது அடிப்படை: எதிரியை நிலைகுலையச் செய்வது முதலில், எறிவது பிறகு என்ற ஒழுங்கும், இருவரும் சேர்ந்தே வளர வேண்டும் என்ற கொள்கையும். முப்பத்தைந்து வயதில் அடிப்பூச்சிலிருந்து மறுபடி தொடங்க ஒருவருக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டால், பகல் முழுவதும் அதே வேலையைத்தானே அவர் பட்டறையில் செய்துகொண்டிருந்தார் என்பேன்.

ஜூடோ பயிலச் செல்பவனுக்கு முதலில் கற்பிப்பது எறிவதை அன்று, விழுவதை. உகெமி என்று அதற்குப் பெயர். பின்புறமாக, பக்கவாட்டில், முன்புறம் உருண்டு, கையால் தரையை அறைந்து விழ வேண்டும். நூற்றுக்கணக்கான முறை, ஆயிரக்கணக்கான முறை. பார்க்க வருபவர்களுக்கு இதில் ரசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் விழ அஞ்சுபவன் உடம்பை விறைப்பாக்குகிறான். விறைத்தவன் எதிரியின் அசைவை உணர்வதில்லை. எறியின் அழகெல்லாம், அரக்குப் பெட்டியின் கருமையைப் போலவே, கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்குகளின் மேல்தான் நிற்கிறது.

1948 ஜூலையில், லண்டன் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, பிரிட்டிஷ் ஜூடோ சங்கமும் ஐரோப்பிய ஜூடோ ஒன்றியமும் நான்கு நாள் இடைவெளியில் லண்டனில் உருவாயின. இரண்டுக்கும் பின்னால் கொய்சுமியின் உழைப்பு இருந்தது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்று, எடைவரம்பில்லாப் பிரிவில் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க் ஜப்பானியரை வென்றபோது, கொய்சுமி உயிரோடிருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று, 79 வயதில், அவர் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அதைச் சாமுராய் மரபு என்று அலங்கரித்துப் பேசியவர்களும் உண்டு. நான் அப்படிப் பேச விரும்பவில்லை. அவரால் வளர்ந்தவர்களுக்கு அது ஆறாத துயரம், அவ்வளவே.

புடோக்வாய் 1954இல் தென் கென்சிங்டனில் கில்ஸ்டன் சாலைக்கு இடம் மாறியது. உங்களில் யாரேனும் லண்டன் சென்றால், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜப்பானிய அரக்குப் பொருட்களைப் பார்த்துவிட்டு, அரைமணி நேர நடைக்குள் அந்தச் சாலையை அடைந்துவிடலாம். பொருட்களைப் பார்க்கும்போது முகப்பின் பொன் ஓவியத்தோடு நின்றுவிடாமல், சற்றுக் குனிந்து விளிம்பைப் பாருங்கள். பயிலகத்துக்குப் போனால், எறிபவரை விட்டுவிட்டு விழுபவரைப் பாருங்கள். கொய்சுமி அங்கேதான் பார்த்திருப்பார்.