சாக்கடைத் தண்ணீர் சொல்லும் கணக்கு

வணக்கம் நேயர்களே. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால், "இவருக்குச் சர்க்கரை இருக்கு" என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரு பெருநகரத்துக்கே இப்படிப் பார்க்க முடியும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஊரில் போதைப்பொருள் எவ்வளவு புழங்குகிறது? வீடு வீடாகப் போய்க் கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்? போலீஸ் பிடித்ததை எண்ணினால் பிடிபட்டது மட்டும்தான் தெரியும். ஆனால் உடம்புக்குள் போனது சிறுநீர் வழியாக எப்படியும் சாக்கடைக்கு வந்து சேரும்.

இத்தாலியில், மிலானின் மரியோ நெக்ரி ஆய்வு நிலையத்தார் ஊர்க் கழிவுநீரெல்லாம் வந்து கலக்கும் "போ" என்ற ஆற்றின் தண்ணீரைச் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். தண்ணீர் பிடித்த இடம் வரை அந்த ஆற்றில் கழிவுநீர் கலக்கும் ஊர்களில் வாழ்பவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தண்ணீரில் தெரிந்தது நாளொன்றுக்கு சுமார் 4 கிலோ கொக்கெய்ன் என்ற போதைத்தூள். ஒரு தடவைக்கு 100 மில்லிகிராம் என்று வைத்தால் 40,000 தடவை. அரசுக் கணக்கோ 15,000 என்றது. அதுவும் மாதத்துக்கு! திரும்பச் சொல்கிறேன்: அரசு சொன்னது ஒரு மாதத்துக்கு, ஆறு சொன்னது ஒரே நாளைக்கு.

"யாராவது பயந்துபோய் பொட்டலத்தைக் கழிவறையில் கொட்டியிருக்கலாமே?" நல்ல கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். கொக்கெய்ன் உடம்புக்குள் போனதும் உடைந்து, பெருமளவு பென்சாயில்எக்கோனின் என்ற வேறு பொருளாகச் சிறுநீரில் வருகிறது. தூளை அப்படியே கொட்டியிருந்தால் தண்ணீரில் கொக்கெய்ன்தான் மிஞ்சி நிற்கும். ஆற்றில் இருந்ததோ சிறுநீரில் வரும் விகிதம். அத்தனையும் மனித உடம்பு வழியாக வந்தது, நேயர்களே.

அப்புறம் 2011-இல் ஐரோப்பாவின் 19 நகரங்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் சோதித்தன. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் கழிவுநீர் நுழையும் இடத்தில், 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சேர்த்த தண்ணீர். வார இறுதியில் கொக்கெய்ன் ஏறுவது அதில் தெரிந்தது. எந்த நாளில் அவசர சிகிச்சைக்கு ஆள் கூடுதலாக வேண்டும் என்று இதை வைத்தே யோசிக்கலாம். அந்தப் பாட்டிலில் யார் பெயரும் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளையையும் அது காட்டிக்கொடுக்காது. இந்த முறையை நான் இவ்வளவு மதிப்பது அதனால்தான்.

சரி, நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். இதன் குறைகளையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஒருவரே பத்துத் தடவை எடுத்தாலும், பத்துப் பேர் ஒவ்வொரு தடவை எடுத்தாலும் தண்ணீரில் அளவு ஒன்றுதான். எத்தனை பேர், என்ன வயது என்பதற்கு, சிகிச்சைக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். வணக்கம்.