ஊர் கூடும் நேரத்தில் கூட்டம் வையுங்கள்

(பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கான ஒன்றிய அளவிலான மாநாட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மாநாட்டிற்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, ஆண்டாய்வுக்கு வரும்போதெல்லாம் மதிய உணவைப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து உண்ணும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பந்தலும் நாற்காலியும் தந்து உதவிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியப் பெருமக்களே, இவர்கள் அனைவருக்கும் மேலாக, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வரவேற்புரை ஆற்றிய ஆசிரியை என்னை மூத்த தலைமையாசிரியர் என்று குறிப்பிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் என்னை அந்தப் பெயராலேயே அழைப்பதற்கு நன்றி கூறிக்கொள்கிறேன்.

மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பெற்றோருக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமை முதலாவது. கூட்டம் நடத்தும் நேரம் இரண்டாவது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் முறை மூன்றாவது.

ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். நாம் திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் அதன் பொருளை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிக்க ஆயிரம் கைகள் வேண்டும். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கண் இமைக்காமல் நிற்க வேண்டும். பள்ளிக்கூடமும் அப்படிப்பட்ட தேர்தான் என்பதை நமக்கு முன்னால் இருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். 1956ஆம் ஆண்டில் பெருந்தலைவர் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது, ஊர் மக்கள் மனமுவந்து கொடுத்த நெல்லும் பருப்பும் காசும்தான் பல ஊர்களில் உலையை ஏற்றின. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். நிலம் கொடுத்தவர்கள், பெஞ்சு செய்து கொடுத்தவர்கள், கரும்பலகை வாங்கிக் கொடுத்தவர்கள் என்று அந்த மாநாடுகளில் கொடுத்தவர்களின் பட்டியல் நீளமானது. கொடுத்தவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது.

அன்று கொடையாக இருந்தது இன்று உரிமையாகிவிட்டது. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பள்ளி நடக்கும் விதத்தைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, அரசு தரும் நிதி செலவாகும் விதத்தைப் பார்ப்பது ஆகியவை அந்தக் குழுவின் பணிகள். 2022இல் நம் மாநிலத்தில் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது, 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர் என்றும், தலைவர் பொறுப்பு ஒரு தாய்க்கே என்றும் வகுத்தார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள். இதற்கு மேல் சட்டம் செய்ய வேண்டியது அதிகம் இல்லை என்பது என் கருத்து. ஆனால், வடம் பிடிக்க உரிமை பெற்றவர் தேரடிக்கு வந்து சேர வழி இருக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்கத் தவறிவிட்டோம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு முன்னோடியான கிராமக் கல்விக் குழு இருந்த காலம் அது. கடைமடைப் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். புரட்டாசி மாதம், சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பெற்றோர் கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு என்று துண்டுத்தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டே பேர் வந்தார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர்களிடம் வருத்தப்பட்டுப் பேசினேன், பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன்.

நாலரை மணிக்கு ஓர் அம்மா வந்தார். முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே வராமல் தாழ்வாரத்துத் தூணருகே நின்று, "கூட்டம் முடிஞ்சிட்டுங்களா சார்?" என்று கேட்டார். முடிந்துவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்று பதிவேட்டை நீட்டினேன். "கையெழுத்துக்கு வரலீங்க சார். எம் பொண்ணு மத்தியானம் சோறு தின்ன கையோட வீட்டுக்கு ஓடியாந்துடுதாம். பக்கத்து வீட்டுக் கிழவி சொன்னாங்க. ஏன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். அந்தப் பெண் ஏழாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவள் மட்டுமல்ல, பெரிய வகுப்புப் பெண்கள் பலருக்கும் காலையில் வருகை, பிற்பகலில் வெறுமை. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

அடுத்த கூட்டத்தை இரவு ஏழரை மணிக்கு மாரியம்மன் கோயில் வாசலில் வைத்தோம். ஒரு குழல்விளக்கு, நான்கு பாய், ஓர் அண்டா நிறையச் சுக்குக் காப்பி. வயலிலிருந்து வந்து, குளித்து, உலை வைத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். இடமில்லாமல் ஆண்கள் தேரோடும் தெரு வரை நின்றார்கள். முதல் அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பாட்டி எழுந்து, கக்கூசுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றார். ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு பெரிய பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை, சோறு தின்றதும் வீட்டுக்கு ஓடுகிறார்கள். அந்தக் கதவைத் தாண்டித் தினமும் நடந்தவன் நான். எனக்குத் தெரியவில்லை. கூட்டத்திலிருந்த தச்சுவேலை செய்யும் ஒரு தந்தை, "காலையில வந்து மாட்டிடுறேன் சார்" என்றார். முதல் மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டார். ஒரு தாழ்ப்பாளை மேலே மாட்டிவிட்டு, சற்று யோசித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இன்னொன்றையும் மாட்டினார். கூலி கேட்கவில்லை. அந்த மாதமே பிற்பகல் வருகை நிரம்பியது.

ஆகவே மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களே, ஊர் கூடித் தேர் இழு என்று சொன்னவர்கள் ஊர் கூடக்கூடிய நாளையும் பார்த்தே சொன்னார்கள். சம்பா அறுவடை முடிந்து களம் ஓய்ந்த பங்குனிப் பெருவிழாவில்தான் ஆழித்தேர் வடம் பிடிக்கப்படுகிறது. நாமோ மேலாண்மைக் குழுக் கூட்டத்தைப் பள்ளி நேரத்துக்குள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கிறோம். அந்த நேரத்தில் நடவுக்காரர் வயலில் இருக்கிறார், கொத்தனார் சாரத்தின் மேல் இருக்கிறார், நூறு நாள் வேலைக்குப் போனவர் ஏரிக்கரையில் இருக்கிறார். அவர்கள் வராததை அக்கறையின்மை என்று எழுதுவது அநியாயம். அந்த அநியாயத்தை நானே செய்திருக்கிறேன்.

மாற்றிச் செய்ய முடியும் என்பதற்கு அரசே சான்று. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய விடுமுறை நாட்களில் கிராமசபை கூடுகிறது. 2022 மார்ச் 20 அன்று 'நம் பள்ளி நம் பெருமை' என்ற முழக்கத்தோடு மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூடினார்களே, அது ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவுக்குப் பின் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் தெருவுக்கே போய் மாலை வேளையில் கற்பித்தார்கள். பிள்ளையைத் தேடித் தெருவுக்குப் போன நாம் பெற்றவர்களையும் தேடிப் போகலாம். இரவு நேரத்தில் ஆசிரியைகள் வீடு திரும்புவது கடினம் என்ற மறுப்பு நியாயமானது, நான் அதை ஒதுக்கவில்லை. அப்படிப்பட்ட ஊர்களில் ஞாயிறு காலை வைத்துக்கொண்டு, வந்த ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு தரட்டும்.

வளர்ச்சித் திட்டத்தைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். அடுத்துப் பேச வேண்டியவர்கள் காத்திருப்பதால் அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்கிறேன். அந்தத் தாழ்ப்பாள் எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெற்றிருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் கூடித் தேர் இழுக்க வந்திருக்கும் இந்தச் சபை, ஒவ்வொரு பள்ளியும் தன் கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் இடத்தையும் பெற்றோரைக் கேட்டே முடிவு செய்யலாம் என்ற ஒரே தீர்மானத்தை இன்று நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன். பின்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் நாற்பத்திரண்டு பேர் காலையில் கையொப்பமிட்ட தாள் என்னிடம் இருக்கிறது. அவர்களில் ஒருவரையே மேடைக்கு அழைத்து, ஆட்சியர் அவர்களிடம் அதை ஒப்படைக்கச் சொல்கிறேன். வாருங்கள் அம்மா.

நன்றி, வணக்கம்.