கதவு பிடிக்கிறதா? முதலில் கீலைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்து நாலு நாள் ஆனதும் பல வீடுகளில் படுக்கையறைக் கதவு பிடிக்க ஆரம்பித்துவிடும். தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் மூடும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு, "கொஞ்சம் இழைச்சு விடுங்க" என்போம். அப்போதைக்குச் சரியாகிவிடும். ஆனால் மாசி, பங்குனியில் மரம் காய்ந்து சுருங்கியதும் அதே கதவு காற்றுக்குத் தடதடவென்று ஆடும். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாதே! அதனால்தான் சொல்கிறேன், இழைப்புளியைக் கடைசியாக எடுங்கள். முதலில் கீல்.

எங்கே உரசுகிறது என்று தெரிய வேண்டும். நிலையின் உள்விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவை மூடித் திறந்து பாருங்கள். வெள்ளை ஒட்டிய இடம்தான் உரசும் இடம். பல நாளாக உரசும் கதவானால் அதுவும் வேண்டாம். பெயின்ட் தேய்ந்து பளபளவென்று தெரியும். பக்கங்களிலும் மேலேயும் சீராக 3 மில்லிமீட்டர் சந்து இருந்தால் போதும்.

இப்போது கீல் பக்கத்துச் சந்தைப் பாருங்கள். மேல் கீலுக்கு அருகில் சந்து அகலம், கீழே குறுகல். தாழ்ப்பாள் பக்கம் மேல்மூலை நிலையில் இடிக்கிறது, கீழ்மூலை தரையில் தேய்கிறது. இப்படி இருந்தால் கதவு ஊதவில்லை, தொங்கிவிட்டது. கதவின் பாரம் மேல் கீலைத்தான் வெளியே இழுக்கும். ஆகவே அதன் திருகாணிகள்தான் முதலில் தளரும். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மேல் கீல் அசைந்தால் அதுதான் காரணம்.

சும்மா முறுக்காதீர்கள். தாழ்ப்பாள் பக்கம் கதவுக்கு அடியில் ஒரு ஆப்பைச் செருகிக் கதவைத் தூக்கி நிறுத்துங்கள். மடித்த செய்தித்தாள்கூடப் போதும். பாரம் இறங்கிய பிறகு முறுக்கினால்தான் கீல் பழைய இடத்தில் போய் உட்காரும்.

முறுக்க முறுக்கத் திருகாணி வெறுமனே சுற்றுகிறதா? துளைக்குள் மரம் அரைந்துபோய்விட்டது. அதைக் கழற்றி, மூங்கில் குச்சிகளில் மரப்பசை தடவித் துளை நிறைய இறுக்கமாக அடித்து, வெளியே நீட்டுவதை உளியால் சீவிவிடுங்கள். பல்குத்தும் குச்சி போதும். எரிந்து முடிந்த ஊதுபத்தியின் அடிக்குச்சியும் ஆகும். தீக்குச்சி மரம் மெத்து, திருகாணியைப் பிடித்து நிறுத்தாது. பசை ஒரு நாள் காயட்டும். பிறகு திருகாணியைவிட மெல்லிய துளை போட்டு, மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்து முறுக்குங்கள். பழையது 30 மில்லி என்றால் அதே தடிமனில் 50 மில்லி போடலாம், நிலை மரம் அந்த அளவுக்குத் தடிமனாக இருந்தால். ஒரு கீலில் ஒரு நேரத்தில் ஒரே திருகாணியைக் கழற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் கதவு ஆள்மேல் சாயும்.

இன்னொரு கோளாறு இருக்கிறது. எங்கும் உரசாது, ஆனால் மூடும்போது கடைசியில் எதிர்த்துத் தள்ளும். கையை எடுத்தால் தானே திறந்துகொள்ளும். கீல் மரத்துக்குள் அதிகமாகப் புதைந்திருக்கும், அல்லது திருகாணித் தலை துருத்திக்கொண்டிருக்கும். கதவுக்கு அடியில் ஆப்பு வைத்துவிட்டு, புதைந்த கீலை மட்டும் கழற்றி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கீலின் அளவுக்கு வெட்டிப் பின்னால் வைத்து முறுக்குங்கள். கதவு தரையில் மட்டும் இலேசாகத் தேய்ந்தால், கீழ்க் கீலுக்குப் பின்னால் ஓர் அட்டை வைத்தாலே தாழ்ப்பாள் பக்கம் தூக்கிக்கொடுக்கும்.

கீல் சரி, சந்தும் நேர், ஆனாலும் நெடுக உரசுகிறது என்றால்தான் மரம் ஊதியிருக்கிறது. அப்போதும் முதலில் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பூச்சே 1 மில்லி ஏறியிருக்கும். பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். இழைக்கத்தான் வேண்டுமென்றால் தை பிறந்து மரம் காயும்வரை பொறுங்கள். அதுவரை உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஓடும். மேல்விளிம்பை இழைக்கும்போது இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளுங்கள். வெளிப்புறமாகத் தள்ளினால் முனை பிளந்துவிடும். ஃபிளஷ் டோர், அதாவது இருபுறமும் பிளைவுட் ஒட்டிய வழவழப்பான கதவு என்றால் ஓரத்துக் கட்டை மெல்லியது, 3 மில்லிக்கு மேல் போகாதீர்கள்.

மரம் ஊதுவதற்கே காரணம் பெரும்பாலும் கதவின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும்தான். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெயின்ட் அடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் வெட்டுவாய், அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முனை, அங்கேதான் இருக்கிறது. ஈரத்தை உறிஞ்சுவதில் பக்கங்களைவிட வெட்டுவாய்தான் வேகம். ஒரு கைக்கண்ணாடியைக் கதவுக்கு அடியில் நீட்டிப் பாருங்கள், பெயின்ட் படாத மரம் தெரியும். வெயில் காலத்தில் கதவைக் கழற்றி அந்த இரண்டு விளிம்புக்கும் பிரைமர் ஒரு கை, பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். பூச்சு வேலைக்கு ஆள் வரும்போது, "மேலும் கீழும் அடிச்சீங்களா?" என்று கேளுங்கள். குளியலறைக் கதவுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

நேரம் முடிகிறது. பூட்டு நாக்கு சரியாக விழாததைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: நாக்கின் நுனியில் குங்குமம் தடவி மூடுங்கள், நிலைத் தகட்டில் எங்கே படுகிறதென்று தெரியும். 2 மில்லிக்குள் விலகியிருந்தால் தகட்டுத் துளையை அந்தப் பக்கம் அரத்தால் ராவுங்கள். அதற்கு மேல் என்றால் தகட்டையே கழற்றி நகர்த்தி வையுங்கள். ஆனால் கீலைச் சரிசெய்த பிறகுதான் தகட்டில் கை வைக்க வேண்டும். வணக்கம்.