எருவுக்குக் கூலி யார் தருவது?

(உழவர் மன்ற ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வேளாண் உதவி அலுவலர் அவர்களே, பந்தல் செலவையும் மதியச் சாப்பாட்டையும் ஏற்றுக்கொண்ட அரிசி ஆலை உரிமையாளர்களே, பிள்ளைகளை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயலை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். ஆலை உரிமையாளர்களுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். எதற்கு என்று போகப்போகத் தெரியும்.

இரண்டு செய்திகளோடு வந்திருக்கிறேன். விவசாயத்தால் நிலத்தடி நீர் கெடாமலிருக்க ஒரு தனியார் கம்பெனி தானாக முன்வந்து செய்த காரியம் ஒன்று. அதை நம் ஊரில் யார் செய்வது என்பது இரண்டு.

ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம். ஆட்டெரு போட்ட வருடமே பலன் தரும், மாட்டெரு அடுத்த வருடம்தான் தரும் என்று அர்த்தம். என்னை எங்கே பேசக் கூப்பிட்டாலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். கெடுதலுக்கும் இதே கணக்குதான். வயலில் போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாகி மண்ணுக்குள் இறங்குகிறது. கிணற்றில் அது தெரிய எத்தனையோ வருடம் ஆகலாம். தெரியும்போது, அந்தத் தண்ணீரில் கலக்கிய புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அதுவே ஆபத்து.

பிரான்சின் வடகிழக்கில் வித்தெல் என்று ஓர் ஊர். ஊற்று நீரைப் பாட்டிலில் அடைத்து உலகம் முழுக்க விற்ற ஊர். 1980-களில் அந்த ஊற்றில் நைட்ரேட் ஏற ஆரம்பித்தது. சுற்றியிருந்த மாட்டுப் பண்ணைக்காரர்கள் புல்வெளியை உழுது தீவனத்துக்கு மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். உரம் கூடியது. அறுத்த பிறகு குளிர்காலம் முழுக்க வெறும் தரை. மழை எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டது. இயற்கைத் தாது நீர் என்று விற்பதில் நைட்ரேட்டைச் சுத்திகரித்து எடுக்க அங்கே சட்டம் இடம் தராது. சரி, வழக்குப் போடலாமா? குடிநீருக்குச் சட்ட வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். ஊற்று நீர் அதற்கு வெகு கீழே இருந்தது. கம்பெனிக்கோ 4.5-ஐத் தாண்டக் கூடாது. விவசாயி மேல் குற்றம் சொல்ல வழியே இல்லை.

அதனால் பேச உட்கார்ந்தார்கள். அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1989-லிருந்து நிலத்தையும் பண்ணைக் கணக்கையும் ஆராய்ந்தது. 1992-ல் இதற்கென்றே அக்ரிவேர் என்ற நிறுவனத்தைக் கம்பெனி தொடங்கியது. மக்காச்சோளத்தை நிறுத்து, ரசாயனத்தை விடு, சாணத்தை மக்க வைத்துப் போடு, ஹெக்டேருக்கு ஒரு மாட்டுக்கு மேல் வேண்டாம். இவை நிபந்தனைகள். பதிலுக்கு ஐந்து வருடம் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 200 யூரோ, கொட்டகைக்கும் கருவிக்கும் பண்ணைக்கு 1,50,000 யூரோ வரை, மக்கிய எருவைத் தூவ ஆள்கூலி. ஒப்பந்தம் 18 அல்லது 30 வருடம். 2004-க்குள் அங்கிருந்த 26 பண்ணைகளும் மாறிவிட்டன. அதே கம்பெனி தண்ணீரை அளவுக்கு மேல் உறிஞ்சுகிறது என்று ஊர்க்காரர்கள் பிற்பாடு போராடியதும் உண்மை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எருவுக்குக் கூலி கொடுத்தது நல்ல காரியம்.

இனி நம் ஊருக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா இருந்தார். யூரியாவை அள்ளி வீசுவார். பயிர் கருகருவென்று நிற்கும், பின்னாலேயே புகையான் பூச்சி வரும். ஒரு மாசியில் ராமநாதபுரத்துக் கீதாரி, அதாவது ஆட்டு மந்தைக்காரர், ஒருவர் செம்மறிகளோடு வந்தார். எருவுக்காக ஆடுகளை இரவில் வயலில் மடக்குவதுதான் கிடை. அதற்குக் கூலி பேசினார்கள். பெரியப்பா கறார். பேச்சு முற்றி, பெரியம்மா மோர்ச் செம்போடு வந்து நடுவில் நின்றார். கீதாரி மோரைக் குடித்துவிட்டு, "காசு வேண்டாம்யா, விளைஞ்சதைப் பார்த்து அடுத்த வருஷம் நெல்லாக் கொடுங்க" என்றார். ஆட்டெரு அவ்வருடம்! அந்தச் சம்பாவில் யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் கதிர் மணி கனத்துச் சாய்ந்து கிடந்தது. அடுத்த மாசியில் கீதாரி வந்தார். பேசிய நெல்லைப் பெரியப்பா அளந்தார். அப்புறம் பெரியம்மாவுக்குத் தெரியாமல் ஒரு மரக்கால் கூடப் போட்டார். கொல்லைப்பக்கம் வந்த கீதாரிக்குப் பெரியப்பாவுக்குத் தெரியாமல் பெரியம்மாவும் ஒரு மரக்கால் போட்டார். இரண்டையும் வாங்கிக்கொண்ட கீதாரி கடைசி வரை இருவரிடமும் சொல்லவே இல்லை. பெரியப்பா போன பிறகு என்னிடம்தான் சொன்னார்.

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அவ்வளவு மலிவாகக் கிடைத்தால் கை அளவு பார்க்காது. கிடைக்கோ கையிலிருந்து கூலி கொடுக்க வேண்டும், அறுவடைக் கடன் அடைக்கும் நேரத்தில். ஆகவேதான் ஆலை உரிமையாளர்களுக்கு அந்த இரண்டாவது வணக்கம். உங்களுக்கு நெல் போடும் விவசாயியின் கிடைக்கூலியில் பாதியை நீங்கள் ஏற்க வேண்டும். சட்டம் உங்களைக் கேட்காது, நாங்கள் கேட்கிறோம். கிடையிலும் அளவு உண்டு. ஒரே வயலில் நாள்கணக்கில் ஆட்டை மடக்கினால் அதுவும் நைட்ரேட்தான். எத்தனை இரவு என்பதை அலுவலர் அய்யா மண்ணைப் பார்த்துச் சொல்லட்டும்.

கீதாரிகள் வருவதற்குள் இது முடிவாக வேண்டும். பந்தல் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கிடை போட விரும்புகிறவர்கள் பெயரையும் எத்தனை மா நிலம் என்பதையும் எழுதுங்கள். பக்கத்துப் பக்கம் ஆலைக்காரர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்பே எழுதிவிடுங்கள்.