அடி வாங்குவதில் ஆறு விதம்

வணக்கம் நேயர்களே. என் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். பகலில் செம்பனை ஆலையில் வேலை, இரவில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணையக் கணினி விளையாட்டு. அந்த ஆட்டத்தில் நான் டேங்க். முதன்முதலில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “என்னடா, தண்ணி டேங்கா?” என்று கேட்டார்.

ஐந்து பேர் சேர்ந்து, பூதங்கள் நிறைந்த ஒரு டன்ஜனுக்குள் போவோம். மூன்று பேர் அடிப்பவர்கள், ஒருவர் காயம் ஆற்றும் ஹீலர், மீதி ஒருவர் டேங்க். பூதங்கள் மற்ற நால்வரையும் விட்டுவிட்டு என்னையே அடிக்க வேண்டும். அவற்றைச் சீண்டி என் பக்கம் இழுப்பது என் வேலை. எந்த வழியில் போவது, ஒரே நேரத்தில் எத்தனை பூதங்களை எழுப்புவது என்பதும் என் கையில்தான். தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மாதிரி முன்னால் நடக்க வேண்டும். பிசகினால் திட்டும் எனக்குத்தான்.

டேங்க் ஆகக்கூடியவர்கள் ஆறு வகை. 2004இல் ஆட்டம் வெளிவந்தபோது வாரியர், பாலடின், கரடியாக மாறும் டுரூயிட் ஆகியோர் இருந்தார்கள். 2008இல் டெத் நைட், 2012இல் மங்க், 2016இல் டீமன் ஹண்டர் வந்து சேர்ந்தார்கள். ஆறில் யார் பலசாலி என்று தம்பிகள் கேட்பதுண்டு. ஆட்டத்தைத் திருத்தி வெளியிடும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அது மாறும். நான் பார்ப்பது வேறு. விழும் அடியை முன்கூட்டியே தடுப்பவரா, வாங்கிய பிறகு சமாளிப்பவரா?

வாரியர் முதல் ரகம். அடிக்க அடிக்கக் கோபம் ஏறும், அதைச் செலவழித்துக் கேடயத்தைத் தூக்குவார். பூதம் கை ஓங்குவதற்குள் தூக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பாலடினும் கேடயக்காரர்தான், கூடவே, சாகக் கிடக்கும் நண்பரைத் தொட்டு எழுப்பி நிறுத்தவும் தெரிந்தவர். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் அவரைத்தான் சொல்வேன்.

டெத் நைட் நேர் எதிர். கேடயம் கிடையாது. வாங்குகிற அடியை வாங்குவார், உயிர்க்கோடு மளமளவென்று இறங்கும், ஹீலருக்கு வியர்த்துவிடும். அப்புறம் டெத் ஸ்ட்ரைக் என்று ஒரு வெட்டு. கடந்த 5 விநாடிகளில் பட்ட அடியில் 25 விழுக்காடு உயிராகத் திரும்பி வரும். பதறிப்போய் முன்னாலேயே வெட்டினால் அந்த வெட்டு வீண்.

எனக்குப் பிடித்தவர் மங்க், அதிலும் டேங்க் வேலை பார்க்கும் புரூமாஸ்டர். தோட்டத்துக் கடையில் கடன் எழுதி வைக்க இருக்குமே 555 நோட்டு, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியும் மைலோவும் இன்றைக்கு, காசு சம்பளத்தன்று. இவர் வாங்கும் அடியும் அப்படித்தான். ஒரு பங்கு உடனே வலிக்கும். மீதி கடனாக ஏறி, 10 விநாடிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். ஸ்டாகர் என்பார்கள். கடன் கூடக் கூடத் திரையில் அதன் நிறம் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகும். அந்த நேரம் பியூரிஃபையிங் புரூ ஒரு மிடறு குடித்தால், நிற்கிற கடனில் பாதி அழிந்துவிடும். நிஜக் கடைக்காரர் யாரும் எங்களுக்கு அப்படி அழித்ததில்லை! புதியவர்கள் பச்சையிலேயே குடித்துத் தீர்த்துவிடுவார்கள். 20 வெள்ளிக் கடனை அழித்துவிட்டு, 200 வெள்ளி ஏறும்போது கையைப் பிசைவார்கள்.

டீமன் ஹண்டர் பார்க்க அழகு. தாவுவார், காற்றில் மிதப்பார். தாவிய இடத்தில் இன்னொரு கூட்டம் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக கரடி. கெட்டித் தோல், நிறைய உயிர். அயன்ஃபர் என்ற கவசத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் 7 விநாடி நிற்கும். ரசிகர்கள் குறைவு. நானும் சோம்பேறி டேங்க் என்றுதான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் சாயங்கால மழை இடியோடுதான் வரும். ஒருநாள் கடைசி பாஸ், அதாவது டன்ஜனின் தலைமைப் பூதத்தின் முன்னால் நிற்கிறேன், புரூமாஸ்டராக. கடன் சிவந்துவிட்டது, மிடறு தயாராக இருக்கிறது. வெளியே ஓர் இடி. அம்மா வந்து இணையப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பத்து நிமிடம் கழித்து உள்ளே போனால் ஐந்து பிணங்கள். ஹீலர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “டேங்க், கடனை யார் கட்டுவது?”

அதிலிருந்து மழை மாதத்தில் நான் கரடி.