‘ஆல்’ என்றால் ‘பை’ மட்டும்தானா?

நடுவர் அவர்களே, கும்பகோணத்து மேடைக்கு முன்னால் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

ஆங்கிலத்தில் காரணம் சொல்ல ‘ஆஃப்’ போடுவதா, ‘ஃப்ரம்’ போடுவதா, ‘வித்’ போடுவதா? இது மனப்பாடத்தால் வருமா, பொருள் புரிந்தால் வருமா என்பதுதான் தலைப்பு. ஐம்பது தொடர்களைத் தினமும் ஒப்பித்தால் போதும் என்றார் எதிரணி ஐயா. அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒப்பித்த பிள்ளையின் நோட்டை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருப் பையன், எட்டாம் வகுப்பு. விடுப்புக் கடிதத்தில் ‘சஃபரிங் பை ஃபீவர்’ என்று எழுதியிருந்தான். ‘ஃப்ரம்’ என்று திருத்தினேன். “ராமனால் என்றால் ‘பை ராமா’ன்னு சார் சொன்னாரே, காய்ச்சலால் மட்டும் எப்படி மாறும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு அந்த ஐம்பது தொடரில் பதில் கிடையாது, நடுவர் அவர்களே. நன்னூலில் இருக்கிறது!

‘ஆல்’, ‘ஓடு’ உருபுகள் வரும் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவியும் பொருள், கூடவே நிகழ்கிற உடனிகழ்வும் பொருள் என்கிறார் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். பேனாவால் எழுதினான், ‘வித் எ பென்’. அண்ணனோடு வந்தான், அதுவும் ‘வித்’தான். சரி, குளிரால் நடுங்கினான்? ‘ஷிவர்டு வித் கோல்டு’. நடுங்குகிற வரைக்கும் குளிர் உடம்போடு கூடவே இருக்கிறது, பாருங்கள்.

ஐந்தாம் வேற்றுமைக்கு வாருங்கள். அதற்கு நான்கு பொருள்: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. நீங்கல் என்றால் விலகுதல், ஏது என்றால் காரணம். ‘மலையின் வீழ் அருவி’ நீங்கல், ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’. அதே ‘இன்’ உருபுதான் ‘கல்வியிற் பெரியன் கம்பன்’ என்று காரணத்துக்கும் வருகிறது. நம் தேரழுந்தூர்க் கம்பனேதான் உதாரணம்! எங்கிருந்து புறப்பட்டதோ அதுவே காரணம் என்று நம் இலக்கணம் பார்த்த மாதிரியேதான் ஆங்கிலமும் பார்த்தது. குடகில் புறப்படும் காவிரிதான் நம் வாய்க்கால் வரைக்கும் வருகிறது. அந்தப் பையனின் அவதிக்குக் காய்ச்சல்தான் தலைக்காவிரி. அதனால் ‘ஃப்ரம் ஃபீவர்’.

நான்காவது ‘கு’. வெற்றிலைக்குப் பேர்போனது கும்பகோணம், ‘ஃபேமஸ் ஃபார்’. உதவிக்கு நன்றி, ‘தேங்க்ஸ் ஃபார்’. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருஷம் தண்ணீருக்குத் தவித்துக் கருகுமே குறுவை, அதை ஆங்கிலத்தில் மனுவாக எழுதினால் ‘ஃபார் வான்ட் ஆஃப் வாட்டர்’. அங்கேயும் நம் ‘கு’ நிற்கிறது.

எல்லாமே இப்படிப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ‘சர்ப்ரைஸ்டு அட்’ போன்றவை படிக்கப் படிக்கத்தான் வாயில் நிற்கும். அதை ஐயாவுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் உட்காரும்போது ஒரு சவால் விட்டாரே: “காலராவால் இறந்தான் என்பது ‘டைடு ஆஃப் காலரா’. ‘ஆஃப்’ என்றால் ‘உடைய’. காலராவுடைய இறந்தானா? இது எந்த வேற்றுமை?” ஐயா, ‘உடைய’ என்பது அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்த பொருள். விளக்கை ‘ஆஃப்’ பண்ணு என்கிறோமே, அந்த இரண்டு ‘எஃப்’ போட்ட ‘ஆஃப்’பும் இதுவும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். விலகி, அதிலிருந்து என்பதுதான் அதன் பழைய பொருள். நீங்கள் கேட்டதும் ஐந்தாம் வேற்றுமைதான், ஐயா!