கோல்ட் ரோல்டு தகடு: வாங்குவதிலிருந்து பெயிண்ட் வரை

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் பிறை, புக்கிட் மின்யாக் பக்கம் தகடு வெட்டி, வளைத்து, பெட்டி செய்யும் பட்டறைகளில் நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கிறார்கள். சொந்தமாகப் பட்டறை போட்டவர்களும் உண்டு. அவர்கள் தினமும் கையாளும் கோல்ட் ரோல்டு தகட்டைப் பற்றித்தான், அதாவது சூடாக்காமல் உருட்டி மெலிய வைத்த எஃகுத் தகட்டைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

எஃகை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி உருளைகளில் நசுக்கினால் கிடைப்பது ஹாட் ரோல்டு. ஆறும்போது அதன் மேல் கருப்பாகப் பொருக்கு பிடித்துக்கொள்ளும். அந்தப் பொருக்கை அமிலத்தில் நீக்கிவிட்டு, சூடாக்காமல் மறுபடி உருளைகளில் விட்டு மெலிய வைத்தால் கோல்ட் ரோல்டு. தடிமன் சீராக இருக்கும், மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். ஆனால் நசுங்கிய தகடு விறைத்துப் போயிருக்கும். அப்படியே வளைத்தால் விரிசல் விடும். அதனால் காற்றுப் படாத உலையில் 700 டிகிரி அளவில் வைத்து மென்மையாக்குகிறார்கள். அப்புறம் ஒரு சதவீதம் அளவுக்கு லேசாக ஒரு உருட்டு.

இந்தக் கடைசி உருட்டுதான் பலருக்குத் தெரியாதது. அது இல்லாவிட்டால், அச்சில் வைத்து அமுக்கி வடிவத்துக்கு இழுக்கும்போது தகடு ஒரே சீராக நீளாது. பட்டை பட்டையாக நீண்டு, மேலே கோடு விழும். பெயிண்ட் அடித்த பிறகும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும். சரி, உருட்டிவிட்டார்களே, கவலை விட்டதா? இல்லை. சாதாரணத் தகடு பல மாதம் கிடந்தால் கோடு விழும் அந்தக் குணம் மெல்லத் திரும்பி வரும். வெப்பம் கூடக்கூட சீக்கிரம் வரும். நம் ஊர் ஜிங்க் கூரைக்கடியில் எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும். தகடு வந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும்.

கடையில் "ஒன் பாயிண்ட் டூ கொடுங்கள்" என்று தடிமனை மட்டும் சொல்லி வாங்குவது போதாது. ஜப்பானியத் தரமான ஜிஸ் ஜி 3141-இல் எஸ்.பி.சி.சி. பொது வேலைக்கு, எஸ்.பி.சி.டி. அச்சில் இழுப்பதற்கு, எஸ்.பி.சி.இ. ஆழமாக இழுப்பதற்கு. மின்சாரப் பெட்டிக்கும் அலமாரிக்கும் எஸ்.பி.சி.சி. தாராளம், அதற்கு மேல் காசு கொடுப்பது வீண். ஆழமான கிண்ணம் மாதிரி அமுக்க வேண்டிய வேலைக்கு அதையே வைத்தால் மூலையில் கிழியும். தடிமனில் சந்தேகம் வந்தால் எடை போடுங்கள். நாலுக்கு எட்டு அடி, 1.2 மில்லிமீட்டர் தகடு ஏறக்குறைய 28 கிலோ இருக்க வேண்டும்.

வளைக்கும்போது எந்தத் தகடும் கொஞ்சம் திரும்பி வரும். 90 டிகிரி வேண்டுமானால் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகத் தள்ள வேண்டும். கோல்ட் ரோல்டில் தடிமன் மாறாததால், முதல் துண்டில் பிடித்த அளவு அந்தக் கட்டு முழுக்க ஏறக்குறைய அப்படியே நிற்கும். பட்டறைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தத் தகட்டின் பெரிய பகை ஈரம்தான். இதன்மேல் துத்தநாகப் பூச்சு கிடையாது, மெல்லிய எண்ணெய் மட்டும்தான். அடுக்கின் ஓரத்தில் மழைத் தண்ணீர் பட்டால் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ளே இழுத்துக்கொண்டு போகும், காயவும் வழியில்லை. மேல் தகடு பளபளவென்று இருக்கும், தூக்கினால் அடியில் பழுப்புத் திட்டு. வெறும் கையால் தொட்டாலும் வியர்வை உப்பு பட்ட இடத்தில் விரல் ரேகை அப்படியே துருவாக எழும்பும். ஆகவே கையுறை கட்டாயம். அடுக்கைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் கட்டை போட்டு ஏற்றி வையுங்கள். எண்ணெய் கழுவிய பெட்டியை "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ராத்திரி விட்டுவிட்டுப் போகாதீர்கள். பெயிண்ட் நன்றாகப் பிடிக்க வைக்கும் பாஸ்பேட் பூச்சும், பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பெயிண்டான பவுடர் கோட்டிங்கும் அன்றைக்கே முடிய வேண்டும். மடித்த மூலைகளில் கழுவின தண்ணீர் தங்கும்; வடிவதற்குச் சின்னத் துளை வைத்தால் பிறகு கோட்டிங் கொப்பளிக்காது.

வெளியே, அதுவும் கடற்கரைப் பக்கம் நிற்கப்போகும் பெட்டிக்குக் கோல்ட் ரோல்டு வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு கீறல் விழுந்தால் போதும், பெயிண்டுக்கு அடியிலேயே துரு பரவும். துத்தநாகம் பூசிய தகடு வாங்குங்கள். ஆனால் அதில் வெல்டிங் வைக்கும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரலாம். புகை உறிஞ்சும் விசிறி போட்டு, தகுந்த முகமூடி மாட்டிய பிறகே பையன்களை வேலைக்கு விடுங்கள். நன்றி, வணக்கம்.